ஒரே குளுக்கோஸ்தான் பஞ்சாகவும் மாவாகவும் ஆகிறது: உயிர் மூலக்கூறுகளின் அடிப்படை வேதியியல்

பருத்திப் பஞ்சும் உருளைக்கிழங்கு மாவும் வேதியியலில் ஏறக்குறைய ஒரே சரக்கு. இரண்டையும் அமிலத்தில் போட்டுக் கொதிக்கவைத்து முழுக்கச் சிதைத்தால் கடைசியில் மிஞ்சுவது குளுக்கோஸ். ஆறு கார்பன், பன்னிரண்டு ஹைட்ரஜன், ஆறு ஆக்சிஜன் கொண்ட அதே சர்க்கரை. ஆனால் மாவைத் தின்றால் உடலுக்குச் சக்தி கிடைக்கும். பஞ்சைத் தின்றால் போனபடியே வெளியே வரும்.

வித்தியாசம் இருப்பது ஒரே இடத்தில். ஒரு குளுக்கோஸை அடுத்த குளுக்கோஸோடு இணைக்கும் ஆக்சிஜன், வளையத்தின் முதல் கார்பனிலிருந்து கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருந்தால் அது ஆல்ஃபா இணைப்பு. மேல்நோக்கி இருந்தால் பீட்டா இணைப்பு. ஆல்ஃபா இணைப்பில் ஒவ்வொரு குளுக்கோஸும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிப் போவதால் சங்கிலி சுருளாக வளைகிறது. ஒரு சுற்றுக்குச் சுமார் ஆறு குளுக்கோஸ். இதுதான் மாவுச்சத்து. பள்ளி ஆய்வகத்தில் மாவுச்சத்தின் மேல் அயோடினைச் சொட்டினால் கருநீலம் வருமே, அது அயோடின் இந்தச் சுருளின் உள்ளே போய் வரிசையாக உட்காருவதால் வரும் நிறம்.

பீட்டா இணைப்பில் கதை வேறு. ஒன்றுவிட்டு ஒன்று குளுக்கோஸ் புரண்டு நிற்பதால் சங்கிலி வளையாமல் நேராகப் போகிறது. நேரான சங்கிலிகள் பக்கத்தில் பக்கமாக நெருங்கிப் படுத்து, எண்ணற்ற ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. அந்தக் கட்டுக்குள் தண்ணீர் நுழைய இடம் இருப்பதில்லை. அதுதான் செல்லுலோஸ்: பஞ்சு, மரம், காகிதம். பூமியில் உயிர்கள் உண்டாக்கும் பலபடிகளில், அதாவது சிறு அலகுகள் திரும்பத் திரும்பக் கோத்த நீண்ட சங்கிலிகளில், மிக அதிகம் இருப்பது இதுவே. நம் உமிழ்நீரில் இருக்கும் அமைலேஸ் நொதிக்கு ஆல்ஃபா இணைப்பை வெட்டத் தெரியும். பீட்டா பக்கம் அதன் ஜம்பம் பலிக்காது. மாட்டுக்கும் அந்த நொதி கிடையாது. அதன் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிரிகளிடம்தான் இருக்கிறது.

உயிர் மூலக்கூறுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில் பாதி இந்த எடுத்துக்காட்டிலேயே வந்துவிடுகிறது என்பேன். எந்தெந்த அணு, எத்தனை அணு என்பதைவிட அவை எந்தக் கோணத்தில் சேர்ந்திருக்கின்றன, சேர்ந்தபின் எப்படி மடங்குகின்றன என்பதே உயிர் வேதியியலில் கனமான கேள்வி. பாடப்புத்தகங்கள் கார்போஹைட்ரேட், கொழுப்பு, புரதம், நியூக்ளிக் அமிலம் (டிஎன்ஏ, ஆர்என்ஏ) என்று நான்கு பிரிவாக வகுத்து மனப்பாடம் செய்யவைக்கும்போது நான்குக்கும் பொதுவான இந்த இழை அறுந்துபோகிறது.

அணுக்களைப் பார்த்தால் விசேஷமாக ஒன்றும் இல்லை. மனித உடலின் எடையில் சுமார் 65% ஆக்சிஜன், 18% கார்பன், 10% ஹைட்ரஜன், 3% நைட்ரஜன். இந்த நான்கே 96% ஆகிவிட்டன. மீதியில் கால்சியம், பாஸ்பரஸ், கந்தகம், சோடியம், பொட்டாசியம், இரும்பு என்று கொஞ்சம் கொஞ்சம். எல்லாமே மண்ணிலும் காற்றிலும் நீரிலும் கிடைப்பவை.

அப்படியும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேதியியலாளர்கள் பலர், உயிருள்ளவற்றின் பொருட்களை உண்டாக்க ஏதோ ஓர் ‘உயிர்விசை’ வேண்டும் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். 1828இல் ஃபிரெட்ரிக் வோலர் அம்மோனியம் சயனேட் தயாரிக்க முயன்றபோது, கிடைத்த படிகங்கள் சிறுநீரில் இருக்கும் யூரியாவாக இருந்தன. சிறுநீரகமே இல்லாமல் யூரியா செய்ய முடிகிறது என்று தன் ஆசான் பெர்சிலியஸுக்குக் கடிதம் எழுதினார். அந்த ஒரே சோதனையில் உயிர்விசைக் கொள்கை மாண்டது என்று சொல்வது கொஞ்சம் மிகை. 1897இல் எடுவர்ட் பூக்னர் ஈஸ்ட் செல்களை அரைத்துப் பிழிந்த சாறே, உயிருள்ள ஒரு செல்கூட இல்லாமல், சர்க்கரையை நொதிக்க வைத்ததைக் காட்டும்வரை அது இழுத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் வோலர் சோதனையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அம்மோனியம் சயனேட்டிலும் யூரியாவிலும் இருப்பவை அதே அணுக்கள், அதே எண்ணிக்கையில்: ஒரு கார்பன், ஒரு ஆக்சிஜன், இரண்டு நைட்ரஜன், நான்கு ஹைட்ரஜன். அடுக்கு மாறியது, பொருள் மாறிவிட்டது.

சரி, ஏன் கார்பன்? பூமியின் மேலோட்டில் எடையில் சுமார் 28% சிலிக்கான். கார்பன் அதில் மிகச் சொற்பம். சிலிக்கானும் கார்பனைப் போலவே நான்கு பிணைப்புகளை ஏற்படுத்தக்கூடியது. ஆனால் சிலிக்கான் அணு பெரியது. சிலிக்கானும் சிலிக்கானும் சேரும் பிணைப்பு, கார்பனும் கார்பனும் சேரும் பிணைப்பைவிட நன்றாகவே மெலிந்தது. ஆக்சிஜனைக் கண்டால் சிலிக்கான் அதோடு இறுக ஒட்டிக்கொண்டு மணலாகவும் பாறையாகவும் ஆகிவிடுகிறது. கார்பன் ஆக்சிஜனோடு சேர்ந்தாலும் கார்பன் டை ஆக்சைடு என்ற வாயுவாக, தண்ணீரில் கரையக்கூடியதாக, திரும்ப எடுத்துப் புழங்கக்கூடியதாக இருக்கிறது. நீண்ட சங்கிலி, கிளை, வளையம், இரட்டைப் பிணைப்பு என்று கார்பன் எந்த வடிவத்துக்கும் வரும். உடலின் சராசரி வெப்பத்தில் தானாக உடையாது. நொதி தொட்டால் உடையும். இந்தப் பதம் சிலிக்கானுக்கு வாய்க்கவில்லை.

இனி இரண்டு வகைப் பிணைப்புகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் சகப்பிணைப்பு வலுவானது. கார்பனுக்கும் கார்பனுக்கும் இடையிலானதை உடைக்க மோலுக்கு (அணு, மூலக்கூறுகளை எண்ணும் வேதியியல் அலகு) சுமார் 350 கிலோஜூல் வேண்டும். தண்ணீர் மூலக்கூறுகளுக்கு இடையே இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புக்கு ஏறக்குறைய 20 கிலோஜூல் போதும். உடல் வெப்பநிலையில் மூலக்கூறுகளின் சாதாரண வெப்ப அசைவே மோலுக்குச் சுமார் 2.5 கிலோஜூல் அளவில் இருப்பதால், ஒற்றை ஹைட்ரஜன் பிணைப்பு எந்த நேரமும் அறுந்து ஒட்டிக்கொண்டே இருக்கும். ஆனால் நூறு சேர்ந்தால் பிடி இறுகிவிடும். மூலக்கூறின் முதுகெலும்பைக் காப்பது சகப்பிணைப்பு. வடிவம் எடுப்பது, அடையாளம் காண்பது, பிடித்து விடுவது என்று உயிரின் அன்றாட வேலைகளில் பெரும்பகுதியைச் செய்வது மெலிந்த பிணைப்பு.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணாலேயே பார்க்கலாம். தலைமுடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. ஈர முடியை உருளையில் சுற்றிக் காயவைத்தால் சுருண்டு நிற்கும். நனைந்தால் பழையபடி ஆகிவிடும். புரதச் சங்கிலிகளுக்கு இடையே இருந்த ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தண்ணீர் நுழைந்து கழற்றுகிறது. காயும்போது அவை புதிய நிலையில் மாட்டிக்கொள்கின்றன, அவ்வளவுதான். அழகு நிலையத்தில் ரசாயனம் பூசிச் செய்யும் நிரந்தரச் சுருள் அப்படியல்ல. அதில் பூசப்படும் தையோகிளைக்காலேட், கெரட்டினில் கந்தகத்துக்கும் கந்தகத்துக்கும் இடையே இருக்கும் டைசல்பைடு என்ற சகப்பிணைப்பையே வெட்டுகிறது. முடியைச் சுருட்டியபின் ஹைட்ரஜன் பெராக்சைடு அந்தப் பிணைப்புகளைப் புது இடங்களில் மறுபடி கோக்கிறது. எத்தனை முறை குளித்தாலும் சுருள் போகாது. புதிதாக முளைக்கும் முடிதான் பழைய குணத்தோடு வரும்.

தண்ணீருக்கு இந்தக் கதையில் பெரிய பங்கு உண்டு. ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் தண்ணீர் மூலக்கூறின் ஒரு முனை சற்றே எதிர்மின், இன்னொரு முனை சற்றே நேர்மின். அதனால்தான் தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று தேடுகின்றன. உப்பும் சர்க்கரையும் அதில் கரைகின்றன. எண்ணெய் ஏன் கரையவில்லை? எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் ஏதோ பகை என்று நினைப்பது வழக்கம். உண்மையில் எண்ணெய் மூலக்கூறுகளைச் சுற்றி நிற்கும் தண்ணீருக்கு, விரும்பியபடி திரும்பித் திரும்பிப் பிணைப்பு மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் குறைந்துவிடுகிறது. எண்ணெய்த் துளிகள் ஒன்றாகச் சேர்ந்துவிட்டால் அப்படிக் கட்டுப்பட்டு நிற்க வேண்டிய தண்ணீரின் அளவு குறையும். ஆக, எண்ணெயை ஒதுக்கி ஒன்றுசேர்ப்பது பெரும்பாலும் தண்ணீரின் வேலை. செல்லின் சவ்வு உருவாவதற்கும் புரதம் மடங்குவதற்கும் பின்னால் இருப்பது இந்த நீர்விலக்கு விளைவுதான்.

சவ்வை எடுத்துக்கொள்வோம். பாஸ்போலிப்பிட் மூலக்கூறின் தலை தண்ணீரை விரும்பும். இரண்டு கொழுப்பு வால்கள் விலகி ஓடும். தண்ணீரில் போட்டால் யாரும் சொல்லாமலே வால்கள் உள்ளே, தலைகள் வெளியே என்று இரட்டை அடுக்காக நின்றுவிடும். தடிமன் சுமார் 5 நானோமீட்டர். செல்லுக்கு உள்ளே எது, வெளியே எது என்று பிரிக்கும் எல்லையே இதுதான். இதில் ஒரு சகப்பிணைப்புகூட அடுத்த மூலக்கூறோடு கிடையாது.

வால்களின் வடிவம்தான் அடுத்த சுவாரசியம். ஸ்டியரிக் அமிலத்திலும் ஒலியிக் அமிலத்திலும் 18 கார்பன்கள். ஸ்டியரிக் நேரான வால். உருகுநிலை சுமார் 69 டிகிரி செல்சியஸ். ஒலியிக்கின் நடுவே ஒரே ஒரு இரட்டைப் பிணைப்பு, அதுவும் சிஸ் வடிவில், அதாவது சங்கிலியின் இரு பாதிகளும் பிணைப்பின் ஒரே புறத்தில்; அந்த இடத்தில் வால் முட்டி மடக்கியதுபோல் வளைகிறது. வளைந்த வால்களை நெருக்கி அடுக்க முடியாது. உருகுநிலை சுமார் 13 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. அதே இரட்டைப் பிணைப்பை, இரு பாதிகளும் எதிரெதிர்ப் புறத்தில் நிற்கும் டிரான்ஸ் வடிவுக்கு மாற்றினால், அணு ஒன்றுகூட மாறாமல், வால் மறுபடி நேராகி உருகுநிலை சுமார் 45 டிகிரிக்கு ஏறுகிறது. தாவர எண்ணெயைக் கெட்டியாக்க அரைகுறையாக ஹைட்ரஜன் ஏற்றும்போது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு இந்த ரகம்தான். இதய நோய்க்கும் அதற்கும் உள்ள தொடர்பு உறுதியானபின், தொழிற்சாலை டிரான்ஸ் கொழுப்பை உணவிலிருந்தே ஒழிக்க வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு 2018இல் நாடுகளைக் கேட்டுக்கொண்டது. உயிர்களுக்கு இந்த வளைவின் பயன் நன்றாகத் தெரியும். குளிரில் வளரும் பாக்டீரியாவும் குளிர்நீர் மீன்களும் தங்கள் சவ்வில் வளைந்த வால்களைக் கூட்டிக்கொள்கின்றன. இல்லாவிட்டால் சவ்வு உறைந்து இறுகிவிடும்.

அப்புறம் புரதம். இருபது வகை அமினோ அமிலங்கள் பெப்டைடு பிணைப்பால் வரிசையாகச் சேர்ந்த சங்கிலி. ஒவ்வொரு முறை இரண்டு சேரும்போதும் ஒரு தண்ணீர் மூலக்கூறு கழன்று போகிறது. மாவுச்சத்து, கொழுப்பு, டிஎன்ஏ எல்லாம் கட்டப்படுவதும் அப்படித்தான். தண்ணீர் நிறைந்த செல்லுக்குள் தண்ணீரைக் கழற்றிக் கட்டுவது ஆற்றில் எதிர்நீச்சல் போடுகிற வேலை. செல்லுக்குச் சக்தி தரும் ஏடிபி என்ற மூலக்கூறு செலவாகித்தான் அது நடக்கிறது. ஒருவர் ஒரு நாளில் உடைத்து மறுபடி உருவாக்கும் ஏடிபி ஏறக்குறைய அவர் உடல் எடை அளவுக்கு வரும். அப்படியானால் கட்டியதெல்லாம் தண்ணீரில் தானாகச் சிதைந்துவிடாதா? சிதையும், ஆனால் அவசரமில்லாமல். நொதி இல்லாத சாதாரண நீரில் ஒரு பெப்டைடு பிணைப்பு பாதியளவு அறுபட நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும். எது எப்போது உடைய வேண்டும் என்பதை நொதிகளிடம் ஒப்படைக்க முடிவது இதனால்தான். நொதியின் வேகத்துக்கு ஒரு உதாரணம்: டிஎன்ஏ, ஆர்என்ஏவுக்கான மூலப்பொருளைத் தயாரிக்கும் பாதையில் வரும் ஒரு வினை, நொதி இல்லாமல் பாதி முடிய சுமார் 7 கோடியே 80 லட்சம் ஆண்டுகள் ஆகும் என்று 1995இல் கணக்கிட்டார்கள். நொதி இருந்தால் அது ஒரு நொடிக்குள் பல முறை நடக்கிறது.

புரதச் சங்கிலி மடங்கும் விதத்துக்கு எல்லைகள் உண்டு. பெப்டைடு பிணைப்பு தட்டையானது, சுழலாது. அதன் இருபுறமும் இருக்கும் இரண்டு கோணங்கள்தான் சுழலும். அந்த இரண்டு கோணங்களில் எந்தெந்தச் சேர்க்கை சாத்தியம், எதில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதும் என்பதை 1963இல் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் ஒரே வரைபடத்தில் காட்டினார்கள். வரைபடத்தின் பெரும்பகுதி தடை செய்யப்பட்ட இடம். ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று யார் சொன்னாலும், அந்த ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துச் சரிபார்ப்பது இன்றும் வழக்கம்.

எந்த வடிவில் மடங்க வேண்டும் என்பதைச் சங்கிலிக்கு யார் சொல்கிறார்கள்? இதற்கு விடை தந்தது கிறிஸ்டியன் அன்ஃபின்சனின் சோதனை. அவர் எடுத்துக்கொண்டது ரிபோநியூக்ளியேஸ் என்ற 124 அமினோ அமில நொதி. அதில் சிஸ்டீன் என்ற கந்தகமுள்ள அமினோ அமிலங்கள் எட்டு, இரண்டிரண்டாகச் சேர்ந்து நான்கு டைசல்பைடு பிணைப்புகள். அடர்த்தியான யூரியா கரைசலில் போட்டு மெலிந்த பிணைப்புகளையும், இன்னொரு ரசாயனத்தால் டைசல்பைடுகளையும் அவிழ்த்தார். நொதி செயலிழந்தது. இரண்டையும் நீக்கியபோது சங்கிலி தானே பழைய வடிவுக்கு மடங்கி மறுபடி வேலை செய்தது. எட்டு சிஸ்டீன்கள் ஜோடி சேர 105 வழிகள் உண்டு. சரியானது ஒன்றே ஒன்று. யூரியா இருக்கும்போதே டைசல்பைடுகளைச் சேரவிட்டால் ஜோடிகள் தாறுமாறாக அமைந்து, செயல்திறன் சுமார் 1% மட்டுமே மிஞ்சியது. யூரியாவை நீக்கி, ஜோடி மாற்றிக்கொள்ளக் கொஞ்சம் ரசாயனம் சேர்த்ததும், சில மணி நேரத்தில் தவறான ஜோடிகள் கழன்று சரியான ஜோடிக்கு வந்து சேர்ந்தன. ஆகவே வலுவான பிணைப்புகள் எங்கே அமைய வேண்டும் என்று முடிவு செய்ததே மெலிந்த பிணைப்புகள். அமினோ அமில வரிசையிலேயே வடிவமும் எழுதப்பட்டிருக்கிறது. 1972இல் இதற்கு நோபல் பரிசு கிடைத்தது. வரிசையைக் கொடுத்தால் வடிவத்தைக் கணிக்கும் கணினி முறைக்கு 2024இல் இன்னொரு நோபல் வந்தது; இடையே அரை நூற்றாண்டு.

வரிசையில் ஒன்று பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு அரிவாள் செல் சோகையைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின். இதை வெர்னான் இங்க்ராம் 1957இல் வெளியிட்டார். குளுட்டாமிக் அமிலம் மின்னேற்றம் உள்ளது, தண்ணீரோடு ஒத்துப்போகும். வாலின் எண்ணெய்க் குணம் கொண்டது. ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினில், அந்த வாலின் பக்கத்து ஹீமோகுளோபினின் எண்ணெய்க் குணமுள்ள ஒரு குழியில் போய் அமர்கிறது. அது அடுத்ததோடு, அடுத்தது அதற்கடுத்ததோடு என்று ஒட்டிக்கொண்டு நீண்ட இழைகளாகி, சிவப்பணுவை அரிவாள் வடிவத்துக்கு இழுத்துவிடுகிறது. ரத்தக்குழாய் அடைபடுகிறது, வலியும் ரத்தசோகையும் வாழ்நாள் முழுக்கத் தொடர்கின்றன. மேலே பார்த்த அதே நீர்விலக்கு விளைவு, தவறான இடத்தில்.

வடிவம் என்றால் இடது வலது வேறுபாடும் சேர்த்துத்தான். இடக்கையும் வலக்கையும் போல ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாத மூலக்கூறு ஜோடிகள் உண்டு என்பதை 1848இல் லூயி பாஸ்டர் டார்டாரிக் அமில உப்பின் படிகங்களை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பிரித்துக் காட்டினார். மூக்குக்கும் இந்தப் பேதம் தெரியும்: கார்வோன் என்ற மூலக்கூறின் ஒரு வடிவம் புதினா மணம், அதன் கண்ணாடிப் பிம்பம் சீமைச் சோம்பு மணம். உயிர்களின் புரதங்கள் இடக்கை அமினோ அமிலங்களையே பயன்படுத்துகின்றன; டிஎன்ஏ, ஆர்என்ஏவின் சர்க்கரைகள் வலக்கை. ஆய்வகக் குடுவையில் சாதாரணமாகச் செய்தால் இரண்டும் பாதிப் பாதி வரும்.

டிஎன்ஏவுக்கு வருவோம். சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறி மாறி வரும் முதுகெலும்பு முழுக்கச் சகப்பிணைப்பு. அதிலிருந்து நீட்டி நிற்பவை டிஎன்ஏவின் எழுத்துகளான நான்கு காரங்கள். இரண்டு இழைகளையும் சேர்த்துப் பிடிப்பது மெலிந்தவை: அடினினுக்கும் தைமினுக்கும் இடையே இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள், குவானினுக்கும் சைட்டோசினுக்கும் இடையே மூன்று. வரிசையாக அடுக்கி நிற்கும் காரங்களுக்கு இடையிலான ஈர்ப்பும் கைகொடுக்கிறது. 1953இல் வாட்சனும் கிரிக்கும், ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் ஆய்வகத்தின் எக்ஸ்-கதிர் படத்தின் துணையோடு, இந்த அமைப்பை முன்வைத்தபோது அதிலேயே நகலெடுக்கும் வழியும் தெரிந்துவிட்டது. எழுத்தின் வரிசை அழியாமல் இரண்டு இழைகளையும் பிரிக்கலாம். பிரிந்த ஒவ்வொன்றும் தன் ஜோடியை மறுபடி கட்டிக்கொள்ளும். டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆர் பரிசோதனையில் 95 டிகிரி வரை சூடாக்குவது இந்த மெலிந்த பிணைப்புகளைக் கழற்றத்தான். அந்தச் சூட்டிலும் முதுகெலும்பு தாங்கும்.

டிஎன்ஏவுக்கும் ஆர்என்ஏவுக்கும் உள்ள வித்தியாசம் மிகச் சிறியது. சர்க்கரையின் இரண்டாவது கார்பனில் ஆர்என்ஏவுக்கு ஒரு -ஓஎச் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த குழு) இருக்கிறது, டிஎன்ஏவில் அந்த இடத்தில் வெறும் ஹைட்ரஜன். அந்த -ஓஎச் பக்கத்து பாஸ்பேட்டைத் தாக்கித் தன் இழையைத் தானே அறுத்துக்கொள்ளக்கூடியது. எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளைக் கடும் குளிரில் வைக்க வேண்டியிருந்ததற்கு இந்த நொறுங்கும் குணம் ஒரு முக்கியக் காரணம். இரண்டாவது வித்தியாசம், ஆர்என்ஏவில் யூராசில் வரும் இடத்தில் டிஎன்ஏவில் தைமின். சைட்டோசின் தண்ணீரில் தன் அமினோ குழுவை அவ்வப்போது இழந்து யூராசிலாக மாறிவிடும். மனித செல் ஒவ்வொன்றிலும் நாளொன்றுக்குச் சுமார் 100 முறை இது நடக்கிறது. டிஎன்ஏவில் யூராசில் இயல்பாகவே இருந்திருந்தால் எது அசல், எது பழுது என்று பழுதுபார்க்கும் நொதிக்குத் தெரியாது. தைமின் இருப்பதால், டிஎன்ஏவில் யூராசிலைக் கண்டாலே நொதி வெட்டி எடுத்துவிடுகிறது.

நீண்டகாலச் சேமிப்புக்கு டிஎன்ஏ சரி. ஆனால் அந்தக் கூடுதல் -ஓஎச் வெறும் குறையல்ல. 1980களில் தாமஸ் செக், சிட்னி ஆல்ட்மன் இருவரும் ஆர்என்ஏவும் நொதியாகச் செயல்படும் என்று காட்டினார்கள். 1989இல் நோபல் பெற்றார்கள். அதைவிடப் பெரிய ஆச்சரியம் 2000இல் வந்தது. செல்லின் எல்லாப் புரதங்களையும் கட்டும் ரைபோசோமின் அணு அமைப்பு தெரியவந்தபோது, அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று இணையும் அந்த மையத்தில் புரதமே இல்லை. சுற்றிலும் ஆர்என்ஏ மட்டும். வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனாத் மூவருக்கும் ரைபோசோம் ஆய்வுக்காக 2009இல் நோபல் கிடைத்தது. அமினோ அமிலத்தைச் சுமந்து வரும் ஆர்என்ஏவின் கடைசி எழுத்தில் இருக்கும் அந்த -ஓஎச்சை நீக்கினால் இணைப்பு வினை பல மடங்கு மந்தமாகிவிடுகிறது. ஆர்என்ஏவைச் சீக்கிரம் நொறுங்கவைக்கும் அதே குழுதான் ஒவ்வொரு புரதத்தின் ஒவ்வொரு பெப்டைடு பிணைப்பும் உருவாக உதவிக்கொண்டிருக்கிறது.